பென்சில் குறி

பரமத்தி வேலூர்
10.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தனபால் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? புனே குளிரில் காலையில் நடக்கப் போகாதீர்கள், வெயில் வந்த பிறகு போங்கள். கயல்விழியும் மாப்பிள்ளையும் நலம்தானே? என் மகள் தனப்பிரியா பி.காம். முடித்துவிட்டு மில்லில் வந்து உட்கார ஆரம்பித்திருக்கிறாள். வரும் ஆடிப் பதினெட்டில் அவளையும் டைரக்டராகச் சேர்த்துவிடலாம் என்று இருக்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறான் என்று நினைக்க மாட்டீர்கள். கம்பெனி விஷயத்தை நாம் இரண்டு பேரும் போனில் பேசக் கூடாது என்பது அப்பா போட்ட உத்தரவு. சித்தப்பாவோடு போனில் பேசிப் பேசியே உறவை முறித்துக்கொண்ட மனுஷன் அல்லவா.

விஷயம் சின்னதுதான். கபிலர்மலை ரோட்டில் கோழிப்பண்ணை வைத்திருந்த அப்புசாமியை உங்களுக்குத் தெரியும், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். 2022 நவம்பரில் நம் மில்லிலிருந்து தீவனம் எடுத்தான். பத்து நாளில் கோழி செத்துவிட்டது, தீவனத்தில் பூஞ்சை விஷம் இருந்தது என்று இப்போது கேஸ் போட்டிருக்கிறான். ஏப்ரல் ஒன்பதாம் தேதி வாய்தா.

21.11.2022 அன்று காலை பதினொரு மணிக்கு டைரக்டர் கூட்டம் நடந்தது, லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தோம், தீவனம் நன்றாக இருந்தது என்று நம் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் இருந்தேன் என்று டைரக்டர்கள் இரண்டு பேரும் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும் என்கிறார் வக்கீல். பத்திரமும், தீர்மானப் பக்கத்தின் ஜெராக்ஸும் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வழக்கம்போல் பென்சிலில் குறி போட்டிருக்கிறேன்.

ஜேடர்பாளையத்து வெல்லம் ஒரு பெட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
தனபால்


புனே
22.02.2025

அன்புத் தம்பி தனபாலுக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி சுகம். உனக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எழுதாமல் விட்டிருக்கிறாய், அதனால் கூடித்தான் இருக்கும். வெல்லம் வந்தது. மேல் வரிசையில் ஓர் அச்சு குறைகிறது. கூரியர்காரரைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை.

பெட்டியைத் திறந்ததும் அந்த ஆற்றங்கரை முழுக்க இந்த மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டது. ஆடிப் பதினெட்டு என்றால் நமக்கு அதுதானே திருவிழா. ஆற்றுக்குப் பூஜை முடித்து, மதகுச் சத்தம் கேட்கிற இடமாகப் பார்த்து ஜமுக்காளத்தை விரிப்போம். அம்மா புளிசோற்றுத் தூக்கைத் திறப்பாள். அப்பா மஞ்சள் பையிலிருந்து எண் போட்ட வெற்றுத் தாள்களை எடுப்பார். வருடத்துக்கு நான்கு கூட்டம், ஓர் ஆண்டுப் பொதுக்கூட்டம், ஆக ஐந்து தாள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கையெழுத்து. கையெழுத்துக்கு ஒரு வறுத்த மீன்.

"அஞ்சு கையெழுத்துப் போட்டாத்தான் அஞ்சு மீனு. நாலோட எந்திரிக்கப் படாது சாமி" என்பார் அப்பா. தொண்ணூற்றெட்டில் முதல் தடவை போட்டபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? வெள்ளியங்கிரி தீவனக் கம்பெனியின் டைரக்டர் சௌந்திரம். எடப்பாடிக்குத் திரும்பிப் போகிற பஸ்ஸில் உன் மாமா என்னை "டைரக்டரம்மா" என்றே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். கண்டக்டர் சினிமாக்காரர்கள் என்று நினைத்து எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

நீ அனுப்பிய ஜெராக்ஸில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு திட்டு விழுந்திருக்கிறது பார். அது மீன் எண்ணெய். 2022 ஆடியில் வெள்ளம் அதிகம், ஆற்றில் இறங்க விடவில்லை. மாமா களைப்போடு வந்து உட்கார்ந்து, காற்றில் தாள் பறக்காமல் எனக்காகப் பிடித்துக்கொண்டார். விரலைத் துடைக்கவில்லை என்று திட்டினேன். அவர் கடைசியாக வந்த ஆடி அது. அந்தத் தாளை இப்படிப் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை. அரைமணி நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் மேலே அடித்திருப்பதைப் பிறகுதான் படித்தேன். அந்த லேப் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு. தேதியையும் இன்னொரு தடவை நீயே பார்த்துச் சொல்.

தனப்பிரியாவுக்கு என் ஆசி. வேளைக்கு மாத்திரை போடு.

அன்பு அக்கா,
சௌந்திரம்


பரமத்தி வேலூர்
06.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். சர்க்கரை கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது. வெல்லத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் மில் வாசலிலேயே நின்றிருந்தேன். அப்பா போன பிறகும் நாம் அந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறோம் என்பதே எனக்கு ஆறுதல். நான்கு பேர் கையெழுத்துப் போட்ட இடத்தில் இப்போது இரண்டு பேர்தான் போடுகிறோம். அம்மா இருந்தபோது தன் பங்கு மீனில் பாதியை எனக்குத்தான் தள்ளுவாள். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

லேப் ரிப்போர்ட் ஆபீஸ் மாற்றியபோது எங்கோ போய்விட்டது. தேதி சரிதான். மேனேஜர் அன்புதான் டைப் அடித்தார். எல்லாம் முறைப்படி இருக்கிறது, நீங்கள் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கையெழுத்தைப் போட்டு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள்.

அப்புசாமியைப் போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பண்ணையை விற்றுவிட்டு மோகனூர்ப் பக்கம் யாரோ ஒருவர் பண்ணையில் வாட்ச்மேனாக இருக்கிறானாம். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

உங்கள் தம்பி,
தனபால்


புனே
15.03.2025

அன்புத் தம்பி தனபாலுக்கு,

அக்கா எழுதுவது. மாத்திரையை நிறுத்தாதே.

நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். சொல்லவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். 2022 நவம்பர் 21, திங்கட்கிழமை. உன் மாமா போன நாள்.

காலை ஏழு மணியிலிருந்து நாம் இருவரும் சேலம் ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தது நீ. நான் சிந்திவிட்டேன் என்று என்னிடமிருந்து ஸ்பூனை வாங்கிக்கொண்டாய். சாயந்தரம் நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தது. அந்த நாளில் காலை பதினொரு மணிக்கு நான் மில்லில் உட்கார்ந்து லேப் ரிப்போர்ட் படித்தேன் என்று நீ என்னைச் சத்தியம் பண்ணச் சொல்கிறாய்.

கயல்விழி வேலை செய்கிற கம்பெனியில் டைரக்டர்களின் கூட்டத்துக்கு அவள்தான் காகிதமெல்லாம் தயார் செய்கிறாள். அவளிடம் காட்டினேன். "அம்மா, டைரக்டர்னா என்னன்னு நெனச்சீங்க?" என்றாள். பெருமை என்று நினைத்தேன் என்றேன். அப்புறம் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே எழுத்தில் தகவல் வர வேண்டுமாம். ஒரு தீர்மானம் பிடிக்கவில்லை என்றால் என் மறுப்பையும் எழுதச் சொல்லலாமாம். வருடா வருடம் டைரக்டர்கள் அறிக்கை என்று ஒன்று போகிறதே, அதில் கம்பெனி நடப்பையெல்லாம் கவனித்துச் சரி பார்த்தேன் என்று நான் உறுதி கொடுத்திருக்கிறேனாம். பன்னிரண்டு மாதம் ஒரு கூட்டத்துக்கும் போகாவிட்டால் பதவி தானாகவே போய்விடுமாம். இருபத்தேழு வருடத்தில் நான் ஒன்றுக்குக்கூடப் போனதில்லை. கயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நான் போட்டால் அப்புசாமி பொய்யன் ஆகிவிடுவான்.

ஒன்று கேட்கிறேன். அன்று பதினொரு மணி வாக்கில் உனக்கு ஒரு போன் வந்து வராண்டாவுக்குப் போனாய். யாரோ சொந்தக்காரர் விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். யார் அது?

அக்கா,
சௌந்திரம்


பரமத்தி வேலூர்
28.04.2025

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வாய்தாவை ஆகஸ்ட்டுக்குத் தள்ளி வாங்கியிருக்கிறார் வக்கீல்.

தேதி டைப் அடித்ததில் வந்த தவறு. அதைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு எழுத வேண்டுமா? இந்த மில்லை நம்பி அறுபது குடும்பம் இருக்கிறது. பொய்க் கணக்கு, பொய்த் தீர்மானம் என்று பேர் வந்தால் பேங்க் நாளைக்கே கையை விரித்துவிடும்.

இருபத்தேழு வருடம் நீங்கள் ஒரு பக்கத்தையாவது படித்தீர்களா? புது மிஷின் வாங்கியபோது எந்தக் கூட்டத்தில் முடிவானது என்று கேட்டீர்களா? கயல் கல்யாணத்துக்கு மில் லாரி மூன்று நாள் எடப்பாடியில் நின்றதே, அதற்கு எந்தத் தீர்மானம் என்று கேட்டீர்களா? அப்போதெல்லாம் வராத சட்டம் இப்போது எங்கிருந்து வந்தது?

அப்பா இருந்திருந்தால் நீங்கள் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

தனபால்


புனே
07.05.2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. என் முழங்காலை விசாரிக்காமல் நீ எழுதிய முதல் கடிதம் இது. அது சுகமாக இருக்கிறது, உன் மேல் வருத்தம் மட்டும் உண்டு.

நீ கேட்டதில் நியாயம் இருக்கிறது. படிக்கவில்லை. லாரியும் வேண்டியிருந்தது. மீனும் வேண்டியிருந்தது. எடப்பாடியில் கூட்டுக் குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, வருடத்தில் ஒரு நாள் பிறந்த வீட்டு மனிதர்களோடு ஆற்றங்கரையில் உட்கார்வது பெரிய சுகம். அதற்காக எந்தத் தாளில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். போட்டேன். அந்தச் சுகத்தைத்தான் பின்னால் ஒருவர் எடுத்து அப்புசாமியின் தலையில் வைத்திருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. அந்த நாட்களை இனி எப்படி நினைத்துப் பார்ப்பது என்று தெரியவில்லை.

அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் இரண்டு பேரையும் எழுத்தில்தான் பேச வேண்டும் என்றவர், எழுதாத தாளில் கையெழுத்து வாங்கினார். கெட்ட எண்ணம் கிடையாது. நம் வீட்டுக்குள் யார் எதைக் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. வெளியில் ஒருவனுடைய கோழி சாகிற வரைக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

அப்புசாமிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். உனக்குத் தெரியாமல் எதையும் செய்ய மாட்டேன், அதனால் சொல்கிறேன்.

வெயில் கடுமையாக இருக்கும். மோர் குடி.

அக்கா,
சௌந்திரம்


மோகனூர்
20.05.2025

மரியாதைக்குரிய சௌந்திரம் அக்கா அவர்களுக்கு,

அப்புசாமி வணக்கமுங்க. நான் நல்லா இருக்கேன். நீங்களும் பாப்பா கயலும் நல்லா இருக்கோணும். எழுதிப் பழக்கம் இல்லீங்க, பேசற மாதிரியே எழுதறேன். தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

அந்தத் திங்கக்கிழமை மத்தியானம் அறுவது மூட்டை வந்துச்சுங்க. எறக்கிப் போட்டுட்டுக் கோழிக்கு வெச்சேன். மறுநா வெடியால எந்திரிச்சு மறுபடி ஒருக்கா வெச்சுட்டு, மாலை வாங்கிக்கிட்டு எடப்பாடிக்கு வந்தேன். உங்க ஊட்டுக்கார வாத்தியாரு கால்ல மாலை போட்டது நானுந்தானுங்க. நீங்க அழுதுட்டு இருந்தீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க. தனபாலு தோளப் புடிச்சு நாந்தான் ஒக்கார வெச்சேன்.

பத்து நாள்ல மூவாயிரத்துல ஆயிரத்து நூறு போச்சுங்க. மிச்சம் முட்டை உடறதை நிறுத்திருச்சு. மூணு மூட்டையத் திருப்பி மில்லுக்கு எடுத்துட்டுப் போனேன். மேனேஜரு, "உன்ற கோழி செட்டு சுத்தமில்ல, தண்ணியில என்னத்தையோ கலந்துட்டே"ன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னாரு. டீக்கடையில அதையே பேசுனாங்க. கோழி வெக்கத் தெரியாதவன்னு பேராயிருச்சு. பதினெட்டு வருசமா வெச்சவனுங்க நான்.

பணத்துக்குன்னு மட்டும் கேஸ் போடலீங்க. என்ற செட்டு சுத்தமாத்தான் இருந்துச்சுன்னு தனபாலு ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க.

அந்தக் கூட்டத்தப் பத்திக் கேட்டிருந்தீங்க. எனக்கு எழவு சொல்ல வந்ததே உங்க மில் லாரி டிரைவருதானுங்க. வாத்தியாருக்கு ரொம்ப முடியலன்னு முதலாளி காலையில இருந்து சேலத்துலயே இருந்தாருன்னு சொன்னாரு. அப்பறம் கூட்டம் எங்கீங்க நடந்துச்சு?

இப்படிக்கு,
அப்புசாமி


புனே
10.06.2025

அன்புத் தம்பி தனபாலுக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். அப்புசாமியின் கடிதத்தை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உட்கார்ந்து படி.

நம் கம்பெனிக்கு இன்னும் நான் டைரக்டர்தான் என்றால், ஒரு டைரக்டராக உனக்கு எழுதுகிறேன். வரும் ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஆடிப் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜேடர்பாளையத்தில் டைரக்டர் கூட்டத்தைக் கூட்டு. ஏழு நாளுக்கு எத்தனையோ மடங்கு முன்னதாகவே எழுதிவிட்டேன். பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான். 21.11.2022 தேதியிட்ட தீர்மானம். அப்புசாமியையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

நீ வராவிட்டால் அங்கிருந்து நேரே நாமக்கல்லுக்குப் போய் அவனுடைய வக்கீலிடம் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுவேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. உன்னிடம் சொல்லாமல் போக எனக்குத் தெரியாது.

தனப்பிரியாவுக்கும் வெற்றுத்தாள் ஐந்து எடுத்து வைத்திருப்பாய். அதைப் பீரோவிலேயே வை.

ரயில் டிக்கெட் போட்டாயிற்று. ஈரோட்டில் இறங்குவேன். நீ வராவிட்டாலும் பஸ் இருக்கிறது.

அக்கா,
சௌந்திரம்


பரமத்தி வேலூர்
20.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தனபால் எழுதுவது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ரயிலில் கீழ் பெர்த் கிடைத்ததா?

நாற்பது நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். போன் செய்தது அன்பு. "ரிப்போர்ட் வந்துருச்சுங்க, தீவனத்து மக்காச்சோளத்துல விஷம் இருக்கலாங்கற அளவுக்கு மேல மூணு மடங்கு இருக்குது. அப்புசாமி லோடு ஏத்தி வண்டி மில்லு கேட்டுக்கிட்ட நிக்குது, என்னங்க பண்றது?" என்றார். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. உள்ளே மாமா மூச்சுக்குத் தவிக்கிறார். "போகட்டும் உடு" என்றேன். அவ்வளவுதான். உள்ளே வந்து ஸ்பூனை எடுத்துக்கொண்டேன்.

அது மட்டும் என்றால் என்னையே நான் மன்னித்திருப்பேன். மாமா காரியமெல்லாம் முடித்து மில்லுக்கு வந்த அன்றுதான் அப்புசாமி மூன்று மூட்டையோடு வந்து நின்றான். நான் மேலே ரூமில் இருந்தேன். கீழே அன்பு அவனைச் சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. இறங்கி வரவில்லை. அன்று சாயந்தரம் நானே அந்த எண்ணெய்த் தாளை எடுத்து டைப் அடித்தேன். அன்பு அடித்தார் என்று உங்களுக்கு எழுதியது பொய். லோடு போவதற்கு முன்பே பார்த்துச் சரி சொன்னோம் என்று இருக்க வேண்டும், அதற்கு அந்தத் தேதியும் அந்த நேரமும்தான் பொருந்தியது.

அது என்ன நாள் என்று தெரியாமல் போடவில்லை அக்கா. தெரிந்துதான் போட்டேன். யார் கேட்டாலும் நீங்கள் மட்டும் கேட்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். அந்தத் தேதியைப் பார்க்க உங்களுக்கு மனம் வராது, பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள் என்று கணக்குப் போட்டேன். அதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. என் வீட்டிலும் தெரியாது.

ரிப்போர்ட் தொலையவில்லை. அப்பாவின் மஞ்சள் பையில் வைத்திருக்கிறேன். எறிவதற்குப் பல தடவை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன்.

ஈரோட்டுக்கு வருவேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அப்புசாமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

தம்பி,
தனபால்


பரமத்தி வேலூர்
14.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தனபால் எழுதுவது. சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று கயல் சொன்னாள். ஈரோடு ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் நீங்கள் பையை என் கையில் கொடுத்தீர்களே, அது போதும் எனக்கு.

அன்று நடந்ததைத் தீர்மானமாக எழுதியிருக்கிறேன். டைப் அடிக்கவில்லை, என் கையாலேயே எழுதினேன். நகலைக் கீழே தருகிறேன்.

"03.08.2025 காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஜேடர்பாளையம் அணைப் பூங்காவில் டைரக்டர் கூட்டம் நடந்தது. வந்தவர்கள்: சௌந்திரம், தனபால். அழைப்பின் பேரில் வந்தவர்: அப்புசாமி.

21.11.2022 அன்று கூட்டம் எதுவும் நடக்கவில்லை. அன்று சௌந்திரம் சேலம் ஆஸ்பத்திரியில் தன் கணவருக்குப் பக்கத்தில் இருந்தார். தனபாலும் காலை முதல் மாலை வரை அங்கேயே கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். அந்தத் தீர்மானத்தைப் பின்னால் எழுதியவர் தனபால். அது ரத்து செய்யப்படுகிறது.

அன்றைய லேப் ரிப்போர்ட் கூட்டத்தில் வைக்கப்பட்டது. தீவனத்தில் விஷம் இருந்தது. அப்புசாமியின் பண்ணை சுத்தமாக இருந்தது. இதன் நகல் கோர்ட்டுக்கும் அப்புசாமிக்கும் கொடுக்கப்படும். மில் வாசலிலும் ஒட்டப்படும். நஷ்டத்தைக் கம்பெனி கொடுக்கும்.

இனி வெற்றுத் தாளில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. தனப்பிரியாவைச் சேர்ப்பது, அவள் பழைய புத்தகம் முழுவதையும் படித்த பிறகு முடிவு செய்யப்படும்."

வக்கீல் பைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பேங்கிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், போக வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தூக்கம் வருகிறது.

நேற்று மில் வாசலில் அந்தத் தாளை ஒட்டிய பிறகு அப்புசாமி வந்து நின்று படித்தான். இரண்டு தடவை படித்தான். "'சுத்தமா இருந்துச்சு'ங்கறத இன்னுங் கொஞ்சம் பெருசா எழுதியிருக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பள்ளிக்கூடத்தில் என்னை வாடா போடா என்று கூப்பிட்டவன், இப்போது ங்க போட்டுப் பேசுகிறான். அது மாறுவதற்கு நாளாகும். மாறாமலும் போகலாம்.

அசல் தாளை இத்துடன் அனுப்புகிறேன். பென்சில் குறி எதுவும் போடவில்லை. படித்துப் பாருங்கள். சரி என்று பட்டால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

தங்கள் தம்பி,
தனபால்


புனே
23.08.2025

அன்புத் தம்பி தனபாலுக்கு,

அக்கா எழுதுவது. நலம். முழங்காலுக்கு ஜேடர்பாளையத்து மணல் ஒத்துக்கொண்டது என்று நினைக்கிறேன், இந்த வாரம் படி ஏறி இறங்கினேன்.

அன்று கூட்டம் முடிந்ததும் நீ மீன் வாங்கி வந்து மூன்று இலையில் வைத்தாய். அப்புசாமி தொடவில்லை. நாமும் தொடவில்லை. அதை நீ தீர்மானத்தில் எழுதவில்லை, அது சரிதான். மதகுச் சத்தம் மட்டும் எப்போதும் போலவே இருந்தது. அப்பாவும் அம்மாவும் உன் மாமாவும் அந்த ஜமுக்காளத்தில் எங்கெங்கே உட்காருவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இனி அந்த நாட்களை நினைக்கவே முடியாதோ என்று பயந்திருந்தேன். முடிகிறது. முன்பைவிடக் கொஞ்சம் வலிக்கிறது, அவ்வளவுதான்.

நீ அனுப்பிய தாளை முழுக்கப் படித்தேன். இருபத்தேழு வருடத்தில் நான் படித்த முதல் தீர்மானம். கையெழுத்துப் போடவில்லை, திருப்பி அனுப்புகிறேன். ஓரிடத்தில் திருத்த வேண்டும்.

காலை முதல் மாலை வரை நீ கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்ததாக எழுதியிருக்கிறாய். அது சரியில்லை. பதினொரு மணிக்கு வராண்டாவில் நின்று போனில் பேசினாய், என்ன சொன்னாய் என்பதையும் எழுது. நாலு மணிக்கு அவர் போனபோது அவருடைய வலது கை உன் கையில் இருந்தது. அதையும் எழுது.

இரண்டையும் எழுதி அனுப்பு. கையெழுத்துப் போடுகிறேன்.

பேங்குக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே, சாமி.

உன் அக்கா,
சௌந்திரம்